ஞாபக மாத்திரை விற்ற சீனியர்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு லாட்ஜ் ஹால். நடுவில் ஒற்றை நாற்காலி. மாதக் கூட்டத்தில் எங்கள் ஏரியா மேனேஜர் அதில் டாக்டராக உட்கார்ந்துகொள்வார். மருந்துக் கம்பெனி ரெப்புகளான நாங்கள் ஒவ்வொருவராக எதிரே நின்று, கம்பெனி இங்கிலீஷில் அச்சடித்துக் கொடுத்த பேச்சை வார்த்தை பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தலையில் கட்டிய சரக்கு ஞாபக சக்தி மாத்திரை. அமினோ அமிலத்திலிருந்து செய்தது. மூளைக்குக் கூர்மை, உடம்புக்குத் தெம்பு என்று பேச்சு நீளும். பரீட்சை நெருங்கினால் குரோம்பேட்டை அம்மாக்களே போதும், எங்கள் டார்கெட் முடிந்துவிடும்.

எங்களில் மூத்தவரைச் சீனியர் என்போம். வண்டலூர் வரை அவர் ஸ்கூட்டர் நிற்காத கிளினிக் இல்லை. அவருக்குத்தான் மறதி வந்தது. முதலில் டாக்டர்களின் பெயர், பிறகு ஸ்கூட்டர் நிறுத்திய இடம், கடைசியில் அந்தப் பேச்சு. "குட் மார்னிங் டாக்டர்" என்பார். அதற்கு மேல் வராது. வெறும் வாயை மெல்லும் மேனேஜருக்கு அவல் கிடைத்துவிட்டது. "மறுபடி முதல்லேர்ந்து" என்று சொல்லிச் சொல்லி அவரை நிற்க வைப்பார். ஹாலே சிரிக்கும். அந்த ஆளை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

சீனியரின் பெண் அப்போதுதான் காட்டாங்குளத்தூரில் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வேலை போய்விடுமோ என்ற பயம் அவரைத் தின்றது. அதனால் எங்களில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தார். டாக்டர்களுக்குக் கொடுக்க வேண்டிய சாம்பிள் மாத்திரைகளைத் தானே விழுங்க ஆரம்பித்தார். "ஒரு மாசம் போகட்டும்பா, பிடிச்சுடும். நாமளே நம்பலேன்னா அப்புறம் யாரு நம்புவா?" என்பார்.

சாம்பிள் கணக்கு உதைத்தது. கூட்டத்தில் மேனேஜர் கேட்டபோது அவர் மறைக்கவில்லை.

"நான்தான் சார் சாப்பிட்டேன். இப்பக் கொஞ்சம் தெளிவா இருக்கற மாதிரி இருக்கு சார்."

மேனேஜர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "யோவ், விக்கிறவன் எவனாவது இதச் சாப்பிடுவானாய்யா? டாக்டர நம்ப வைக்கச் சொன்னா, நீயே நம்பிட்டியே!"

சாம்பிளைத் தின்றார் என்று காரணம் காட்டியே வேலையை விட்டு எடுத்தார்கள். சீனியர் பையை மேஜைமேல் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பி, "அடுத்த மீட்டிங் எப்ப சார்?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்கள்.

இன்று அதே மாதிரிச் சரக்கு வேறு வேறு பெயர்களில் தாம்பரத்து ஜி.எஸ்.டி. சாலைக் கடைகளில் அடுக்கியிருக்கிறது. விற்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டோம். நம்பியவர்தான் தெருவுக்கு வந்தார்.

வேலை போய்ச் சில வருஷம் கழித்துத் தாம்பரம் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "சீனியர்!" என்றேன். என் டையைப் பார்த்ததும் அவர் சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்தார். "குட் மார்னிங் டாக்டர்." அமினோ அமிலத்தில் தொடங்கி, வேளைக்கு எத்தனை மாத்திரை என்பதுவரை முழுப் பேச்சும் வந்தது. ஒரு வார்த்தை பிசகவில்லை.

"வீட்லயும் எங்கிட்ட இதேதான் சார். வேற எதுவும் நெனப்பில்ல" என்றார் மனைவி.

சீனியர் என் பதிலுக்காகக் காத்து நின்றார். "பேஷண்டுகளுக்குக் கண்டிப்பா எழுதறேன்" என்றேன்.

முகமெல்லாம் மலர்ந்து மனைவி பக்கம் திரும்பினார். "டாக்டர் எழுதறேன்னுட்டாரும்மா. இனிமே வேலைக்கு ஒண்ணும் பயமில்ல."