எலும்புக் கோயில் பார்த்த அம்மாக்கண்ணு

மூன்றாவது வாளியைத் தலையில் கவிழ்த்த பிறகுதான் அம்மாக்கண்ணுவுக்கு மூச்சு சீராகும். முதல் இரண்டும் குளிரை விரட்ட, மூன்றாவதுதான் குளிக்க என்பது அவள் வழக்கம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் துரையே இரண்டு சுவெட்டருக்குள் நடுங்கும் காலை நேரத்தில், தொழிலாளர் லயத்துக் குழாயடியில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிற ஒரே ஆள் அவள். "சுடுதண்ணி ஒடம்பக் கெடுத்துரும் லா," என்பாள். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பேசினால் அவர்கள் மேலும் ஒரு வாளி விழும்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. கொழுந்து கிள்ளும் பெண்களின் பிள்ளைகளில் பாதி அவள் கையில் பிறந்தவை. இறந்தவர்களைக் கடைசியாகக் குளிப்பாட்டுவதும் அவள் கைதான். சாவு வீட்டிலிருந்து வந்தால் தலைமுழுகாமல் படியேற மாட்டாள். யார் கையைத் தொட்டாலும் மணிக்கட்டு எலும்பை ஒருமுறை உருட்டிப் பார்த்துவிடுவாள். கல்யாண மாப்பிள்ளைகளும் தப்பியதில்லை. மாரியம்மன் திருவிழாவில் முதல் பொங்கல் பானையை அடுப்பில் ஏற்றும் உரிமையைப் பெண்கள் அவளுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு வருடமாக அவள் போட்டிருந்த ஒரே நகை அது.

எழுபத்தாறாம் வருடத் தொடக்கத்தில் துரையின் தாயார், லயத்தில் எல்லோருக்கும் பெரியம்மா, சக்கர நாற்காலியோடு போர்த்துக்கலில் இருந்த தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார். துணைக்கு அம்மாக்கண்ணு. ஏவோரா என்ற அந்தப் பழைய ஊரைச் சுற்றிக் கோட்டை மதில், உள்ளே கல் பாவிய தெருக்கள். நாற்காலியைத் தள்ளித் தள்ளி அவளுக்குத் தோள் வீங்கிவிட்டது. ஒருநாள் பெரியம்மா நாற்காலியை ஒரு சின்ன மாதாகோயிலுக்குத் தள்ளச் சொன்னார். சுவரெல்லாம், தூணெல்லாம் மனித எலும்பு. விறகு அடுக்கியது போல எலும்புகளை அடுக்கி, நடுநடுவே மண்டையோடுகளைப் பதித்திருந்தார்கள். சாவை மறக்காதிருக்கச் சாமியார்கள் கட்டியதாம். வாசலில் பொறித்திருந்ததைப் பெரியம்மா தமக்குத் தெரிந்த தோட்டத் தமிழில் சொன்னார்: இங்கிருக்கும் எலும்புகள் நம் எலும்புக்காகக் காத்திருக்கின்றனவாம்.

அம்மாக்கண்ணு கொஞ்சம் யோசித்தாள். "காத்துக்கிட்டுக் கெடக்கட்டும். எனக்கு வேல கெடக்கு."

அவள் மட்டும் ஊர் திரும்பியதும் லயம் முழுக்க இதே பேச்சு. வாரத்துக்கு வாரம் மண்டையோடுகள் பெருகின. பக்கத்து ஊரான திரிங்காப்பின் காய்கறி லாரிக்காரர்கள் வரை கதை போயிற்று. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முருகையா கங்காணி, அவர்தான் திருவிழாத் தலைவர், ஒருநாள் வாயைத் திறந்தார்.

"அத்தன எலும்புக்கு நடுவுல நின்னுட்டு, தலமுழுகாம அப்படியே பிளேன் ஏறி வந்திருக்க. இந்த வருசம் பானைய வேற கை ஏத்தட்டும்."

ஏவோராவில் எலும்புக் கோயிலைவிட்டு வந்த கையோடு அவள் தலைமுழுகியிருந்தாள். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சோறு தின்றதை யாராவது கதையாகச் சொல்வார்களா? இப்போது சொன்னதும் கங்காணி சிரித்தார். சீமைக் குளிரில், நடுத்தெருவில், குளித்தாளாம்.

ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சுகுமாரனைப் பிடித்து உட்கார வைத்து, இன்னும் தங்கை வீட்டிலேயே இருந்த பெரியம்மாவுக்குக் கடிதம் எழுதச் செய்தாள். பெரியம்மாவின் கழுத்தில் எப்போதும் காமிரா தொங்கும். அன்று அதைத் தூக்கிக் கண்ணில் வைத்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. பிறகு ஐந்து வாரம், தபால் வரும் நேரமெல்லாம் ஆபீஸ் வாசலே கதியென்று கிடந்தாள். திருவிழாவுக்கு முதல் நாள் பதில் வந்தது. கிராணியின் வாயையும் கட்டிப்போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கோயில் வாசலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கங்காணியின் மருமகள் திலகம் பானையோடு தயங்கி நின்றாள். அம்மாக்கண்ணு ஈரத்தலையோடு கூட்டத்துக்குள் புகுந்து, தபாலில் வந்த படத்தை நீட்டினாள். பளிங்கு நீரூற்று, சுற்றிலும் தொப்பியும் ஓவர்கோட்டுமாக வாய் பிளந்து நிற்கும் வெள்ளைக்காரர்கள், நடுவே கட்டிய சேலையோடு, யாரிடமோ இரவல் வாங்கிய வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவள். பின்பக்கம் பெரியம்மா எழுதியிருந்ததைக் கிராணி உரக்கப் படித்துச் சொன்னார்: "மூணு வாளி. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். மாமனார் முகத்தைக்கூடப் பார்க்காமல் திலகம் பானையை நீட்டினாள்.

பானைக்கு இரண்டு கையும் வேண்டுமே. அம்மாக்கண்ணு சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு படத்தை முருகையா கங்காணியிடமே கொடுத்தாள்.

"கொஞ்சம் புடிங்கண்ணே. ஈரம் படாம."

பால் பொங்கி வழிந்து அடங்கும்வரை கங்காணி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.