வேலியின் முடிச்சுகள் எங்கள் பக்கம்

புயல் அடித்த அன்று நான் செங்கற்பட்டில் விடுதியில் இருந்தேன். பள்ளிக்கூடத்து ஓடுகள் பறந்துபோனதால் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விழுந்த புளியமரங்களை வெட்டி அகற்றும்வரை பஸ் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் மதியம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் இறங்கி, தகரப் பெட்டியைக் கை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தேன். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் படிக்கிறவள் தலையில் சுமப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்.

கொல்லைப் பக்கம் போனால் வேலியைக் காணோம். பின்வீட்டுக்கு வாசல் அடுத்த தெருவில். அவர்கள் கொல்லையும் எங்கள் கொல்லையும் முதுகோடு முதுகு. நடுவில் நின்ற சவுக்குக் கழிகள் முறிந்து கிடந்தன. பனை மட்டைகள் கிணற்றடிவரை சிதறியிருந்தன. இரண்டு கொல்லையும் ஒன்றாகிவிட்ட அந்த இடத்தில் அம்மா உட்கார்ந்து ஒரு பெண்ணுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? பானையில கஞ்சி கீது. ஊத்திக் குடி" என்றாள். விரல்கள் அந்தத் தலையை விட்டு வரவில்லை.

அந்தப் பெண் ஆவணியில் பின்வீட்டுக்கு வாழ வந்தவள். மதுராந்தகத்து ஏரிப் பக்கத்துப் பெண், என் வயதுதான். புயலன்று அப்பா மாட்டுவண்டியோடு சவுக்குத் தோப்பில் மாட்டிக்கொண்டார். அம்மா தனியாக மாட்டுக்கொட்டகையின் தூண்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வேலி விழுந்ததும் இவள் அதைத் தாண்டி ஓடிவந்திருக்கிறாள்.

"அத்தைன்னு கத்திகினே வந்துச்சி. ரெண்டு பேருமா காலைக் கட்டிப் பிடிச்சிகினு நின்னோம். அது வரலன்னா மாடும் இல்ல, நானும் இல்ல" என்றாள் அம்மா. இரண்டு நாளைக்குள் இதை நாலு முறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் நான் அந்தக் கதையில் எங்காவது வருவேனா என்று காத்திருந்து கேட்டேன். வரவில்லை.

முன்பெல்லாம் நான் லீவில் வந்தால் அம்மா அடுப்பெரித்துக்கொண்டே, "இன்னா படிச்ச, படி பாக்கலாம்" என்பாள். ஒன்றும் புரியாமல் கடைசிவரை கேட்பாள். இந்த முறை நான் பாதி பக்கம் படிப்பதற்குள் பின்வீட்டுப் பெண் முருங்கைக்கீரையோடு கொல்லை வழியே உள்ளே வந்துவிடுவாள். "அப்புறம் படி" என்பாள் அம்மா. அந்தப் பெண்ணுக்கு 'அ' எழுதத் தெரியாது என்று நினைத்து நினைத்து மனசை ஆற்றப் பார்த்தேன். ஆறவில்லை. விடுதியில் என் தலையை நானே வாரிப் பின்னிக்கொள்வதை அதுவரை பெருமையாக நினைத்திருந்தேன்.

நான் வந்த நாலாம் நாள் பின்வீட்டு ஆடு வந்து என் பூகோள நோட்டில் இரண்டு தாளைத் தின்றது. எனக்கு வேண்டிய சாக்கு கிடைத்தது.

"வேலி கட்டணும்" என்றேன்.

"இன்னா அவசரம்? பொங்கலுக்குள்ள கட்டிக்கலாம்."

அப்பாவிடம் சொன்னேன். புயலில் சாய்ந்த சவுக்கையெல்லாம் வண்டியில் ஏற்றி இறக்க அவருக்கு நாள் போதவில்லை. ஆனாலும் மறுநாள் விடிந்ததும் புதுக் கழிகளின் அடியைத் தீயில் கருக்கி நட்டு, குறுக்கே மூங்கில் வரிச்சு கட்டிவிட்டு, "மட்டைய நீங்களே கட்டிக்குங்க" என்று வண்டியைப் பூட்டினார்.

பனைநாரை ஊறவைத்துவிட்டு வேலியருகே போய் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. மட்டை வேலியை ஒருவரால் கட்ட முடியாது. இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் நாரை நுழைக்க, அந்தப் பக்கம் ஒருவர் அதை வாங்கி, வரிச்சைச் சுற்றித் திருப்பி நீட்ட வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டேன். "எனக்கு அடுப்பு வேலை கீது. அந்தப் பொண்ண நிக்கச் சொல்றேன்" என்றாள்.

யாரை அடைக்க வேலி கட்டினேனோ அவளே எதிர்ப்பக்கம் வந்து நின்றாள்.

"இழு" என்றேன்.

"இழுத்தாச்சி."

"இன்னும்."

"டீச்சரம்மா, மட்டை ஒடிஞ்சிடும்."

"சந்து தெரியுது."

"காத்துப் போவ வேணாவா? எங்க ஊர்ல..."

"இது உங்க ஊர் இல்ல."

கொஞ்ச நேரம் நார் மட்டும் போய்வந்தது. முடிச்சைப் போடுவது நான்தான். வேலி யாருடையதோ, முடிச்சு அவர்கள் பக்கம் விழும்; அதுதான் எங்கள் ஊர் வழக்கம். ஒவ்வொரு மட்டை ஏறும்போதும் அவளில் ஒரு துண்டு குறைந்தது. முதலில் தோள் மறைந்தது, பிறகு முகம்.

"ஒரு ஆளை அடைக்கவா இம்மாம் இறுக்கம்?" என்று மட்டைக்குப் பின்னாலிருந்து சிரித்தாள்.

"ஆட்டை அடைக்க."

"ஆடு பாவம். அதுக்கு இன்னா தெரியும்."

நான் அடுத்த மட்டையைச் சாத்தினேன். ஒரு முழ இடம் மிச்சமிருந்தபோது அம்மா மோரோடு வந்தாள்.

"அங்க ஒரு ஆள் பூர வழி வுடு."

"கோழி பூந்துடும்" என்றேன்.

"நம்ம கோழிதானே?"

"வேணாம் அத்தை, கட்டிடட்டும்" என்றாள் அவள். இந்த முறை சிரிக்கவில்லை. கடைசி நாரை நீட்டிய கையில், மணிக்கட்டுக்கு மேல் மட்டை ஓரத்துக் கருக்குப் பல் கிழித்து ரத்தம் கோடாக இறங்கியிருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு முடிச்சுப் போட்டேன்.

மறுநாள் மதியம் அம்மா சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாசல் வழியாகக் கிளம்பினாள். தெரு முனைவரை போய், குளத்தைச் சுற்றி, அடுத்த தெருவில் திரும்பிப் பின்வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அதற்கு மறுநாளும் போனாள். வேலி இல்லாதபோதாவது அம்மா என் கண்ணெதிரில் இருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசுவது கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடவில்லை. அவ்வளவு நெருக்கமாகக் கட்டியிருந்தேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. போய்விட்டேன்.

பொங்கலுக்கு வந்தபோது கிணற்றடிக்கு நேராக வேலியில் ஒரு முழ வழி இருந்தது. மூன்று மட்டைகள் ஓரமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"இன்னாம்மா இது?"

"காத்துல அவுந்துடுச்சி" என்றாள் அம்மா என்னைப் பார்க்காமல்.

அந்த முடிச்சுகளைப் போட்டவள் நான். ஊறிய நார் காய்ந்தால் இரும்பு. அரிவாளால் அறுத்தாலொழிய விடாது. அங்கே நார் அறுபடவில்லை, சுருள் சுருளாக வரிச்சில் தொங்கியது. யாரோ தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, ஊறவைத்து, நகத்தால் நெம்பி ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார்கள். முடிச்செல்லாம் எங்கள் பக்கம். எங்கள் கொல்லையில் உட்கார்ந்துதான் எடுத்திருக்க முடியும். அம்மாவின் ஆள்காட்டி விரல் நகம் பாதியாக உடைந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றவில்லை. எனக்காக இப்படி எதையாவது அவிழ்த்திருக்கிறாளா என்றுதான் கணக்குப் பார்த்தேன்.

மட்டைகளைத் திரும்பக் கட்டவில்லை. கட்ட எதிர்ப்பக்கம் ஆள் வேண்டும்.

மதியம் அம்மா சீப்போடு கிணற்றடியில் உட்கார்ந்தாள். பின்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் பின்னலை அவசரமாக அவிழ்த்துவிட்டு, அவள் வந்து சேர்வதற்குள் அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"உனக்குத்தான் பேனே இல்லயே" என்றாள் அம்மா.

"நல்லா பாரு" என்றேன்.