பரீட்சை வருஷத்தில் வந்த குழந்தை

என் மகள் பிளஸ் டூ படித்த வருஷம் எனக்கு நாற்பத்தொரு வயது. இங்கே ஓணப் பரீட்சை என்று சொல்லும் காலாண்டுப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது நான் மாசமாக இருப்பது உறுதியானது. அவள் பிறந்த பிறகு பதினேழு வருஷமாக இன்னொன்று தங்கவில்லை. எதிர்பார்ப்பதையே நாங்கள் விட்டுவிட்டோம். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்று டாக்டரிடம் போனவள், கையில் ஸ்கேன் படத்தோடு வெளியே வந்தேன்.

என் கணவர் பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் சூப்பர்வைசர். வேலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருந்தார். படத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது. "மார்ச்சில்ல பிறக்கும்? மார்ச்சிலதான அவளுக்கு எக்ஸாம்" என்றார்.

அதுதான் அந்த வருஷம் முழுக்க எல்லோரும் என்னிடம் சொன்னது. ஏதோ நான் காலண்டரைப் பார்க்காமல் கல்யாண மண்டபம் புக் பண்ணிவிட்ட மாதிரி.

மூன்று மாதம் முடியட்டும், பிறகு அவளிடம் சொல்லலாம் என்றார் அவர். எனக்கு அதில் இஷ்டமில்லை. நான் வாந்தி எடுப்பது வீட்டில் இருப்பவளுக்குத் தெரியாமல் போகுமா? அந்த ஞாயிற்றுக்கிழமையே, காலையில் புட்டும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நானே சொன்னேன். அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு இந்த வருஷம் எக்ஸாம் இல்லயா?" என்று கேட்டாள்.

தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனவள், அதன் பிறகு மூன்று வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. டியூஷன், பஸ், துவைத்த யூனிஃபார்ம், இவ்வளவுதான் பேச்சு. என் கணவரை அவள் அத்தா என்றுதான் கூப்பிடுவாள், அத்தாவிடம் மட்டும் பழைய மாதிரி இருந்தாள். அதுவே எனக்குக் கொஞ்சம் கோபம். அந்த மாதம் பள்ளியில் பயாலஜி டீச்சர் மனித இனப்பெருக்கப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் என்பதும், வகுப்பில் நாற்பது பேர் அதற்குச் சிரித்துக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரியும். தெரிந்திருந்தால் அந்தக் கோபம் வந்திருக்காது.

பரீட்சையைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. இதை இப்போது சொல்கிற பெருமைப் பேச்சாக நினைக்க வேண்டாம். அவளை எனக்குத் தெரியும். எட்டு வயதில் சைக்கிள் பழகும்போது ஒரு நாளில் ஐந்து தடவை விழுந்துவிட்டு, ஆறாவது தடவைக்கு என்னை நகரச் சொன்னவள் அவள். மெதுவாகத்தான் வருவாள், ஆனால் வந்து சேர்ந்துவிடுவாள். நான் பத்தாவது வரை எங்கள் ஊர் கம்பத்தில் தமிழில் படித்தவள். அவளுடைய புத்தகங்கள் இங்கிலீஷில், அவள் எழுதும் குறிப்புகளில் பாதி மலையாளம். பாடத்தில் என்னால் ஒரு வரிகூட உதவ முடியாது. ஆனால் வீட்டை நடத்த முடியும், அவளை நடத்தவும் முடியும் என்று நம்பினேன்.

நவம்பரில் பள்ளுருத்தியிலிருந்து என் நாத்தனார் வந்தார். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். வீடு காலியாகக் கிடக்கிறது, மாடியில் தனி அறை இருக்கிறது, பரீட்சை முடிகிற வரை பிள்ளை அங்கே இருக்கட்டும் என்றார். "நீ உன் உடம்பைப் பாரு. அவ படிப்பை நான் பாத்துக்கறேன்." நல்ல மனதோடு சொன்னதுதான். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் மகள் அதைக் கேட்டதும் எழுந்து போய்ப் பையில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். என் கணவர் என்னைப் பார்த்தார். போகட்டும் என்று சொன்னேன். அவள் வாசலில் செருப்பு மாட்டும்போது, வரணும்னு தோணினா வா, காரணம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்கு அழுதேன். ஒருமுறைதான். மறுநாள் மூன்று நைட்டி தைத்து முடித்தேன்.

பதினோராவது நாள் மத்தியானம், நான் மெஷினில் இருக்கும்போது பையோடு வந்து நின்றாள். காரணம் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளே சாயா போட்டு எனக்கும் ஒரு கிளாஸ் கொண்டுவந்து வைத்தாள். அந்த வீட்டில் அவள் படிக்க உட்கார்ந்தால் டிவியை நிறுத்திவிடுவார்களாம். மாமா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பாராம். குக்கர் விசில் வந்தால் மாமி ஓடிப் போய் அமர்த்துவாராம். மணிக்கு ஒரு தரம் கதவு திறந்து பழச்சாறு வருமாம்.

"எல்லாரும் என்னையே பாத்துட்டு இருக்காங்கம்மா. ஐசியுல கிடக்கற மாதிரி இருக்கு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்திருப்பாள், அடக்கிக்கொண்டாள். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து மெஷினுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். சத்தமாக இருக்குமே என்றேன். பழகின சத்தம் என்றாள்.

கிறிஸ்துமஸ் பரீட்சையில் இயற்பியலில் பார்டரில் தப்பித்திருந்தாள். ஜனவரியில் பெற்றோரை அழைத்தார்கள். அத்தா மட்டும் வந்தால் போதும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். எனக்கு ஏழாம் மாதம். ஏன் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பிளஸ் டூ பெற்றோர் கூட்டத்துக்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிற அம்மா அந்தப் பள்ளியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் அன்றைக்குக் கிடங்கில் லோடு ஏற்றும் நாள், அவரால் வர முடியாது. இருந்தாலும் அது சாக்கு. அவர் வந்திருந்தாலும் நான் போயிருப்பேன். மறைந்து நிற்க ஆரம்பித்தால் அது தப்பான காரியம் என்று அவளுக்கு நானே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வகுப்பு டீச்சர் என்னைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியைத் தந்தார். நல்லவர். மார்க் பட்டியலைக் காட்டி, கஷ்டம்தான், வீட்டில் இப்படி ஒரு நேரத்தில் பிள்ளைக்கு எப்படிக் கவனம் வரும் என்று மலையாளத்தில் ரொம்ப வருத்தத்தோடு சொன்னார். என் மகள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என் மலையாளம் பஜார் மலையாளம், இருந்தாலும் தடுமாறாமல் சொன்னேன். "டீச்சர், பிரசவம் எனக்கு. பரீட்சை அவளுக்கு. அவளோடத அவ எழுதிடுவா. இயற்பியல்ல எது வரலைன்னு மட்டும் சொல்லுங்க."

டீச்சர் பேனாவை எடுத்து ஒரு தாளில் நான்கு பாடங்களின் பெயரை எழுதினார். இந்த நான்கைப் பிடித்தால் போதும் என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில், "அம்மா, ஒண்ணு சொன்னா கேப்பியா?" என்றாள். "உனக்கு வலி வர்ற நாள் எனக்கு எக்ஸாம் இருந்தாலும் எங்கிட்ட மறைக்கக் கூடாது."

பத்தாவதில் அவளுடைய தோழி ஒருத்திக்கு நடந்ததைச் சொன்னாள். பரீட்சை நடுவில் அந்தப் பெண்ணின் தாத்தா இறந்துவிட்டார். கடைசிப் பரீட்சை முடியும் வரை வீட்டில் சொல்லவேயில்லை. அந்தப் பெண் நல்ல மார்க் வாங்கினாள், ஆனால் இன்று வரை அதை மறக்கவில்லை. "நான் உள்ள உக்காந்து எழுதிட்டு இருப்பேன், வெளிய என்ன நடக்குதுன்னே தெரியாதுன்னா, எல்லா எக்ஸாமுக்கும் அதே நினைப்பாத்தான் இருக்கும்."

சத்தியமா மறைக்க மாட்டேன் என்றேன். வீட்டில் அவர் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளை பதறிப்போய் எழுதாமல் வந்துவிட்டால் யார் பொறுப்பு என்றார். நான் பொறுப்பு என்றேன்.

பிப்ரவரியில் படிப்பதற்கு லீவு விட்டார்கள். தோழிகள் இரண்டு பேரை வீட்டுக்கு வரச் சொன்னாள். காலை ஒன்பதுக்கு மூவரும் முன்னறையில் உட்காருவார்கள். பழைய கேள்வித்தாளை வைத்து முழுப் பரீட்சை எழுதுவார்கள். இங்கே பரீட்சையில் முதல் பதினைந்து நிமிஷம் எழுதக் கூடாது. கேள்வித்தாளை வாசிக்க மட்டும்தான், கூல் ஆஃப் டைம் என்பார்கள். என் மகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. தெரிந்த கேள்வியைப் பார்த்ததும் மனதுக்குள்ளேயே எழுத ஆரம்பித்துவிடுவாள், மீதிக் கேள்விகளை வாசிக்கவே மாட்டாள். அங்கேதான் மார்க் போகிறது என்று தோழிதான் என்னிடம் சொன்னாள். இது என்னால் முடிகிற வேலை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று பேருடைய பேனாவையும் நான் வாங்கி வைத்துக்கொள்வேன். பதினைந்து நிமிஷம் முடிந்ததும் ஒவ்வொருத்தியும் எந்தக் கேள்வியை முதலில் எழுதப் போகிறாள், எதை விடப் போகிறாள் என்று என்னிடம் சொல்ல வேண்டும். கேள்வி எனக்குப் புரியாது. ஆனால் சொல்கிற குரலில் தெரிந்துவிடும். குரல் இழுத்தால், அதைக் கடைசிக்கு வை என்பேன். மாடல் பரீட்சையில் இயற்பியல் தேறியது. டீச்சர் போனில் கூப்பிட்டு என்னிடம்தான் சொன்னார்.

மார்ச்சில் நோன்பும் பரீட்சையும் சேர்ந்து வந்தன. பரீட்சை மத்தியானம். எனக்கு நோன்பு இல்லை, அவள் பிடித்தாள். வேண்டாமே என்று நாத்தனார் போனில் சொன்னதற்கு, வயிறு காலியா இருந்தா தூக்கம் வராது மாமி என்றாள்.

கெமிஸ்ட்ரி அன்று காலை ஒன்பதரைக்கு வலி தொடங்கியது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. சூட்டு வலியாக இருக்கும் என்று அரை மணி நேரம் ஒரு சுடிதாருக்குக் கை தைத்துக்கொண்டே பார்த்தேன். இல்லை, இது அதுதான். அவள் மேஜையில் சமன்பாடுகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் அவருக்குப் போன் பண்ணிக் கிளம்பிவிடலாம் என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அவள் பக்கத்தில் போய் நின்றேன். "வலி வந்துருச்சும்மா" என்றேன்.

அவள் பதறவில்லை. எழுந்து என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். "எத்தன நிமிஷத்துக்கு ஒரு தரம்?"

தெரியாது என்றேன். அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த தாளைத் திருப்பி, அடுத்த வலி வந்த நேரத்தை எழுதினாள். அதற்கடுத்ததையும் எழுதினாள். அத்தாவுக்குப் போன் செய்தாள். அவர் ஆட்டோவோடு வருவதற்குள் என் பையை எடுத்து, கார்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் மேலே வைத்து, யூனிஃபார்மும் போட்டுக்கொண்டு நின்றாள். மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அட்மிஷன் போட்டு, டாக்டர் பார்த்து, நேரம் இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லும்வரை அவள் கூடவே இருந்தாள். டாக்டர் சொன்னதைத் தன் காதால் கேட்டாள். மணி பன்னிரண்டே கால்.

என் கணவர் என்னையும் அவளையும் பார்த்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அவளே முடிவு பண்ணட்டும் என்று நான் படுத்திருந்தேன்.

"நான் போய் எழுதிட்டு வர்றேன்" என்றாள். "நீ எனக்காக வெயிட் பண்ண வேண்டாம்."

வலியோடு வலியாகச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற சிஸ்டரும் சிரித்துவிட்டார். என் கணவர் அவளை ஆட்டோவில் கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தார்.

மூன்று மணி தாண்டிக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. நன்றாகக் கத்தியது. அந்த நேரத்தில் என் நினைப்பு பாதி இங்கே, பாதி அந்தப் பரீட்சை ஹாலில். அவள் எழுதிக்கொண்டிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

ஐந்து மணிக்கு வந்தாள். கையில் பரீட்சை அட்டை, விரலில் மை. சிஸ்டர் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். கழுவிவிட்டு வந்து என் கட்டிலோரம் நின்று, முதலில் கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னாள். "ஒரு நாலு மார்க் கேள்வி தெரியலை, விட்டுட்டேன். மத்ததெல்லாம் எழுதிட்டேன்." அதன் பிறகுதான் துணியை விலக்கி முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "மூக்கு அத்தா மாதிரி. பாவம்" என்றாள்.

பள்ளிவாசலிலிருந்து அவர் தூக்குச்சட்டியில் நோன்புக் கஞ்சி வாங்கி வந்திருந்தார். மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அந்த வார்டிலேயே, என் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, பேரீச்சம்பழம் தின்று தண்ணீர் குடித்து நோன்பு திறந்தாள். பக்கத்துக் கட்டில் சேச்சி அவளிடம் பரீட்சை எப்படி என்று கேட்டார். ஈசி என்றாள். அவ்வளவு ஈசியாக இருந்திருக்காது.

இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி இருந்தது. நாங்கள் வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் மறுபடியும் மாடி அறையைப் பற்றிப் பேசினார். அவள் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். நாத்தனாரும் நல்லவர்தான், தானே இங்கே வந்து இருபது நாள் எனக்குப் பத்தியச் சமையல் செய்தார். குழந்தை அழும், இவள் படிப்பாள். அழுகை நிற்காவிட்டால் புத்தகத்தோடு வந்து தொட்டிலை ஒரு காலால் ஆட்டுவாள். கண் புத்தகத்தில்தான் இருக்கும்.

மே மாதம் முடிவு வந்தது. எங்கள் ரோட்டில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளைகளுக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் இவள் படம் இல்லை. இரண்டு ஏ பிளஸ், மற்றதெல்லாம் அதற்குக் கீழே. கெமிஸ்ட்ரியில் ஏ. இயற்பியலில் பி பிளஸ், அதைத்தான் எல்லோரிடமும் பெரிதாகச் சொன்னாள். வகுப்பு டீச்சர் வீட்டுக்கே வந்து குழந்தைக்கு ஒரு சட்டை கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது எறணாகுளத்தில் பி.எஸ்ஸி. கணிதம் படிக்கிறாள். அவளே தேர்ந்தெடுத்தது. காயலைத் தாண்டிப் போகக் காலையில் போட் பிடிக்க ஓட வேண்டும். அந்த நேரம் பார்த்துச் சின்னவள் அவள் ஷாலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். விரல் விரலாகப் பிரித்து எடுத்துவிட்டு, "அம்மா, பிடி இவளை, லேட்டாயிருச்சு" என்று என் மடியில் போட்டுவிட்டு ஓடுவாள். சின்னவள் ஐந்து நிமிஷம் அழுவாள். பிறகு மறந்துவிட்டு நூல்கண்டை உருட்ட ஆரம்பிப்பாள்.