எம் பாடு போச்சி

அறுபதுகளின் கடைசியில் பொன்னேரியில் ஒரு தொண்டு அமைப்பில் வேலை பார்த்தேன். வெளிநாட்டார் தரும் பணத்தில் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு நைலான் வலை வாங்கிக் கொடுப்போம். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே நின்று பேசுவது என் பொறுப்பு.

ஒருமுறை பணம் கொடுத்த வெள்ளைக்காரரே குப்பத்துக்கு வந்தார். ஏழுமலை என்ற மீனவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"வலை வந்துச்சி, எம் பாடு போச்சி. தொரையாண்ட சொல்லு சார்."

பாடு என்றால் கஷ்டம் என்றுதான் எனக்குத் தெரியும். வலை வந்தது, கஷ்டம் தீர்ந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வெள்ளைக்காரர் நெகிழ்ந்துபோய் ஏழுமலையின் கைகளைப் பற்றிக்கொண்டார். அடுத்த குப்பத்துக்கும் பணம் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சில மாதம் கழித்துப் புதுவாயல் ஊரில் பார்த்தபோது ஏழுமலை லாரியில் நெல்மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஏரிக்குப் போகலையா?" என்றேன்.

"இன்னா சார், அன்னிக்கே சொன்னேனே! பாடுன்னா ஏரியில வலை போடுற மொறை. நீ வலை குடுத்த புது ஆளுங்க எங்க ஊட்டு மொறைய எடுத்துக்கினாங்க. தொர கையப் புடிச்சாரே, இன்னா சொன்னாரு?"

நான் தப்பாக மாற்றிச் சொன்னது வெளியே தெரிந்தால் வெளிநாட்டுப் பணம் நின்றுவிடும் என்று பயந்தேன்.

"ஏதாவது செய்யறேன்னார்."

"அது போதும் சார். காத்துக்கினு இருக்கேன்" என்று அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தார்.

அதன் பிறகு அந்தப் பக்கமே நான் போகவில்லை.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது, மனைவி இறந்துவிட்டாள். பிள்ளைகள் தொலைவில் இருக்கிறார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "ஏதோ என் பாட்டுக்கு இருக்கேன்" என்கிறேன். கேட்டவர் போன பிறகும் அந்தப் 'பாடு' வீட்டைவிட்டுப் போவதில்லை.