இனிப்பு நீரும் மைனஸ் ஹைட்ரஜனும்

ஹைட்ரஜன் பொதுவாகப் பரம சாது. தன்னிடம் இருக்கும் ஒற்றை எலெக்ட்ரானைப் பங்கு போட்டுக்கொள்ளும், இல்லையென்றால் பறிகொடுத்துவிட்டு நிற்கும். அபூர்வமாக இன்னொரு எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டால் அது ஹைட்ரைடு அயனி. அப்புறம் அதன் திமிரைப் பார்க்க வேண்டுமே! தண்ணீரைக் கண்டால் விடாது. பொங்கி, வாயுவாகிப் பறந்து, காரத்தை மிச்சம் வைத்துவிட்டுப் போகும். இந்தப் பிடாரியோடு ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவள் நான். இப்போது போர்டிக்சனில் ஒரு கல்லூரியில் இதைத்தான் பாடமாக எடுக்கிறேன். அப்படிப்பட்ட என்னை ரந்தாவ் பக்கம் ஓர் எஸ்டேட் கோயில் மண்டபத்தில் டை கட்டிய ஒருவர் மண்ணைக் கவ்வ வைத்தார்.

என் அக்காவுக்கு இனிப்பு நீர். சர்க்கரை வியாதிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறவே இல்லை. இந்த லட்சணத்தில் கிளினிக் மாத்திரையை நிறுத்திவிட்டு, ‘மைனஸ் ஹைட்ரஜன்’ என்று ஒரு கேப்சூலை விழுங்கிக்கொண்டிருந்தாள். விரலையே எடுக்கும்படி ஆகிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன்.

“மைனஸ்னா கழித்தல்தானே? சக்கரையக் கழிக்குதுலா” என்றாள்.

அட ஆண்டவா! எலெக்ட்ரான் ஒன்று கூடினால் போடுகிற குறி அது.

என்னையும் அந்தக் கேப்சூலை விற்கிற கூட்டத்தில் உறுப்பினராக்கிவிட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு இழுத்துப் போனாள். மேடையில் இருந்த டைக்காரர் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் இருந்தது. எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கோபால்ட்டோடு கார்பன் மோனாக்சைடைச் சேர்த்துக் கட்டிய ஹைட்ரைடு ஒன்று உண்டு. பெயர்தான் ஹைட்ரைடு, குணம் சுத்தமான அமிலம். அவரைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

பொறுக்க முடியாமல் எழுந்தேன். “இதுக்குள்ள நிஜமாவே ஹைட்ரைடு இருந்தா, தண்ணியக் கண்டா விடாதுங்க. தண்ணியத் தின்னுடும். முழுங்குனா தொண்டை வெந்துடும்!”

டைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. முகமெல்லாம் பல்லாக மைக்கைப் பிடித்தார்.

“கேட்டீங்களா அக்கா, அண்ணே! கெமிஸ்ட்ரி படிச்ச தங்கச்சியே சொல்லுது, தண்ணியத் தின்னுடுமாம். சாதா தண்ணிக்கே இந்தக் கதின்னா, இனிப்பு நீரு எம்மாத்திரம்?”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அக்காவும் தட்டினாள். என் படிப்பைக் கொண்டுபோய் எந்தச் சாக்கடையில் கொட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கேப்சூலைப் பிரித்துக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கொட்டினேன். ஹைட்ரைடாக இருந்தால் குமுறியிருக்கும். ஒரு குமிழிகூட வரவில்லை. வெள்ளைத் தூள் மாவாட்டம் அடியில் போய்ப் படிந்தது.

“பாத்தியாக்கா? ஒண்ணுமே ஆகல!”

“ஆமாலா, எவ்ளோ சாதுவான மருந்து. ஒடம்புக்குச் சூடே இல்ல” என்றாள் அக்கா, தித்திக்கிற டின்பால் ஊற்றிய தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே.

எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. வேதியியலை மூட்டை கட்டி வைத்தேன்.

“சரிக்கா, நீ சொல்றதாவே இருக்கட்டும். இது தண்ணியத் தின்னுடும். இனிப்பு நீருல நீரத் தின்னுட்டா மிச்சம் என்னா இருக்கும்?”

அக்காவின் கரண்டி நின்றது. குவளையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள்.

“இனிப்பு” என்றாள், சன்னமாக.

ஐஸ்பெட்டி மேலே தூசி படிந்து கிடந்த கிளினிக் மாத்திரைப் பையை அவளே எட்டி எடுத்தாள். மறுநாள் காலையில் புண்ணுக்கு மருந்து கட்டப் போய்விட்டாள்.

இப்போது மண்டபத்துக்குப் போகிறவர்களை அவளே வாசலில் மறித்துச் சொல்கிறாளாம்: “போவாதீங்கலா, அது நீரத் தின்னுட்டு இனிப்ப மட்டும் உள்ள வுட்டுரும். என் தங்கச்சி கெமிஸ்ட்ரி படிச்சவ, அவளே சொன்னா.” என் மாணவன் எவனாவது பரீட்சையில் இப்படி எழுதினால் முட்டைதான் போடுவேன். அக்காவுக்குக் கட்டைவிரல் இருக்கிறது. நான் திருத்தப் போகவில்லை.