இரண்டு 'இல்லை'

எங்கள் இங்கிலீஷ் டீச்சர் ஒரு விஷயத்தில் மகா கறார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு 'இல்லை'தான். நாட் போட்டால் நோ கூடாது. நெவர் வந்த இடத்தில் நத்திங் தலைகாட்டக் கூடாது. இரண்டு 'இல்லை' சேர்ந்தால் 'இருக்கிறது' ஆகிவிடுமாம், நம் தமிழில் 'இல்லாமல் இல்லை' என்பதுபோல. மீறினால் விரல் முட்டியில் ரூல்தடி விழும். வகுப்பில் அடி வாங்காத ஒரே பெண் நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

மலாயாவில், பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குக் கம்பிவேலி போட்ட அவசரகாலம் அது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, பால் வெட்டப் போகிறவர்கள் தங்கள் வயிற்றுக்குக்கூட ஒரு பிடி கொண்டுபோக முடியாது. அடுத்த லயத்து மாமாவைச் சோற்றுப் பொட்டலத்தோடு பிடித்து லாரியில் ஏற்றிப்போனார்கள். ஆள் திரும்பவில்லை. இது தெரிந்தும் அன்று காலை அம்மா ஒரு சோற்று உருண்டையை இலையில் சுற்றி, பால் வாளிக்குள் பழந்துணிக்கு அடியில் வைத்தாள். அவள் மாசமாக இருந்தாள். முந்தின வாரம்தான் மரத்தடியில் மயங்கி விழுந்திருந்தாள்.

பள்ளிக்கூட லாரியைப் பிடிக்க நானும் வேலியின் சோதனைக் கேட்டில் அவள் பின்னால் நின்றேன். காது சிவந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் வாளிக்குள் கையை விட்டான். கை துணிக்கு அடியில் போனது, நின்றது. அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான், வயிற்றைப் பார்த்தான். பிறகு கையை எடுத்துக்கொண்டு, ஜீப்பில் இருந்த அதிகாரியைப் பார்த்துக் கத்தினான்.

"ஷி ஐன்ட் காட் நத்திங், சார்!"

ஐன்ட் டீச்சர் சொல்லித் தராத வார்த்தை. ஆனால் சிப்பாய்கள் வாயில் கேட்டுக் கேட்டு, அதுவும் ஒரு 'இல்லை' என்று தெரிந்துவைத்திருந்தேன். ஐன்ட் ஒன்று, நத்திங் ஒன்று. போச்சு. இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிட்டான். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"பிள்ள ஏன் அழுவுது?" என்றார் கேட் வாச்சர்.

"ஸ்கூலுக்குப் போவ மாட்டேங்குது அண்ணே," என்றாள் அம்மா, என் தோளில் நறுக்கென்று கிள்ளியபடி. ஜீப்பிலிருந்து ஒரு கை அசைந்தது. எங்களைப் போகச் சொன்னார்கள்.

அன்று முழுக்க எனக்குப் பாடம் ஏறவில்லை. அம்மாவை லாரியில் ஏற்றுவதாகவே கண்ணுக்குள் ஓடியது. மத்தியானம் வீட்டுக்கு ஓடி வந்தால், அம்மா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். எனக்காகவே காத்திருந்தவள்போல் கேட்டாள்.

"அந்த வெள்ளக்காரன் என்னாடி சொன்னான்? அவன் விரல்ல சோறு ஒட்டியிருந்துச்சு. காச்சட்டையில தொடச்சிக்கிட்டான், நான் பாத்தேன்."

எனக்குப் போன உயிர் வந்தது. கூடவே தலைக்கனமும் வந்தது.

"இருக்குன்னுதான்மா சொன்னான். அவனுக்கு இங்கிலீஷே வரல. ஒரு தடவ இல்லன்னு சொல்லணும், இவன் ரெண்டு தடவ சொல்லிட்டான். எங்க டீச்சர்கிட்ட மாட்டியிருந்தா தெரியும்."

அம்மா என்னையே பார்த்தாள்.

"ரெண்டு தடவயா இல்லன்னு சொன்னான்?"

"ஆமா. தப்பு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தப்பாகப் பேசியவன் அவன். இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.