பக்கத்தைத் திருப்பியது நான்தான்

பெண் பார்க்க ஆள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். எது குறையோ அதை மறைக்க வேண்டும், அவ்வளவுதான். என் தங்கைக்கு ஒரு காது மந்தம். அவளைப் பார்க்க வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் அம்மாதான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, மாப்பிள்ளைக்கும் ஒரு காது கேட்காது என்று. அவர்கள் வீட்டிலும் ஒரு அம்மா முந்திக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கும் இரண்டு பேரும் மட்டாஞ்சேரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்திப் பேசிக்கொண்டு, சந்தோஷமாக இருக்கிறார்கள்.

அதனால், என் பேத்தியைப் பார்க்க ஒரு டீச்சர் வருகிறார் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது நாங்கள் எங்களுக்குத் தெரிந்ததைச் செய்தோம்.

பேத்திக்கு அப்போது ஒன்பதாம் வகுப்பு. வாயைத் திறந்தால் மூடமாட்டாள். ஒரு சினிமா பார்த்துவிட்டு வந்தால், அதில் நாய் எந்தப் பக்கம் படுத்திருந்தது என்பது வரைக்கும் சொல்லுவாள். எஃப்.எம். ரேடியோவில் பேசுகிறார்களே, அந்த மாதிரி ஆக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. நான் துணி தேய்க்கிற மேஜைக்குப் பக்கத்தில் நின்று, கையில் தேங்காய்ச் சிரட்டையைப் பிடித்துக்கொண்டு, "கொச்சியிலிருந்து உங்கள் தோழி பேசுகிறேன்" என்று ஆரம்பித்துவிடுவாள். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் அந்த வாய் அடைத்துப்போகும். எழுத்து நகருகிறது என்பாள். வயிறு வலிக்கிறது என்பாள்.

வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், அதுதான் பிள்ளையின் தலை சிக்காகிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். சோம்பல் என்றார்கள் வேறு சிலர். பக்கத்து வீட்டுக்காரி மந்திரித்த கயிறு வாங்கிவந்து கட்டினாள். கயிறு நல்ல சிவப்பு, அவள் கைக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

பத்தாம் வகுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பரீட்சையில் தோற்றால் ரேடியோவும் இல்லை, ஒன்றும் இல்லை. "தோத்தா என்ன, நான் ஒன்கூட நின்னு தேய்க்கேன் ஆச்சி" என்று பேத்தி சிரித்துக்கொண்டே சொல்லுவாள். சிரிக்கிற சிரிப்பில்லை அது. அவளுடைய வகுப்பு டீச்சர் என் மகளிடம் போனில் சொன்னார்: படிக்கச் சிரமப்படுகிற பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே ஒரு டீச்சர் இருக்கிறார், அவர் வந்து டெஸ்ட் வைப்பார், அவர் எழுதிக்கொடுத்தால் ஆஸ்பத்திரியிலும் பார்த்து ஒரு காகிதம் தருவார்கள், அந்தக் காகிதம் இருந்தால் பரீட்சையில் இவள் சொல்லச் சொல்ல இன்னொரு பிள்ளை எழுதும், நேரமும் கூடக் கிடைக்கும் என்று.

டெஸ்ட்டில் நன்றாகச் செய்தால்தான் காகிதம் தருவார்கள் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். நன்றாகச் செய்யாததற்கு யாராவது காகிதம் தருவார்களா?

என் மகள் தேவராவில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். மருமகன் துபாயில், அங்கேயும் இதே துணி தேய்க்கிற வேலைதான். மகள் கடையிலிருந்து வந்ததும் மலையாளப் புத்தகத்தை விரித்து, ஆற்றில் படகு ஓட்டுகிறவன் பாடத்தைச் சத்தமாக வாசிப்பாள். பேத்தி கேட்பாள். கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்லிவிடுவாள், அவளுக்கு அந்தக் காது உண்டு. பக்கத்தில் நான் இஸ்திரிப் பெட்டியில் சிரட்டைக் கரியை ஊதிக்கொண்டு நின்றதில் எனக்கும் பாடமாகிவிட்டது. படகுக்காரன் அக்கரை சேருகிற இடம் வந்தால் நான் இங்கே சட்டைக் காலரை முடித்திருப்பேன்.

டெஸ்ட் அன்றைக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்து, பூ வைத்து, சீருடைக்கு நல்ல கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். அது பேத்தி இல்லாமலே தனியாக நடந்து போகும் போலிருந்தது. மகளுக்கு லீவு கிடைக்கவில்லை, பள்ளிக்கூடத்துக்கு நான்தான் கூடப் போனேன். ஒரு டப்பா நிறைய சுகியனும் கொண்டுபோனேன். வருகிறவர்களுக்குப் பலகாரம் வைக்க வேண்டுமில்லையா?

கும்பளங்கியிலிருந்து ஸ்கூட்டரில் மழையில் நனைந்து வந்தார் டீச்சர். சின்னப் பெண், என் மகளைவிட வயது குறைவு. வந்ததும் இரண்டு சுகியன் சாப்பிட்டார். பாதிக் காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் மலையாளத்தில் பேசினார், நான் தமிழில் பதில் சொன்னேன். எங்கள் ஊரில் அதை யாரும் இரண்டு பேச்சு என்று எண்ணமாட்டார்கள்.

"மோளே, உனக்குப் பிடிச்ச ஒரு பாடம் வாயிச்சுக் காட்டு" என்றார், மகளே, வாசித்துக் காட்டு என்று.

பேத்தி படகுக்காரன் படம் போட்ட பக்கத்தை விரித்தாள். மடை திறந்த மாதிரி வந்தது. ஆறு வந்தது, மழை வந்தது, படகு ஆடியது. அக்கரையில் விளக்குத் தெரிகிற இடத்தில் குரலைத் தணித்தாள், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. டீச்சர் தலையாட்டிக்கொண்டே காகிதத்தில் என்னவோ எழுதினார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இவள் இன்னும் அதே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு எழுத்துத் தெரியாதுதான், ஆனாலும் ஒரு பக்கத்துக்குள் அவ்வளவு பெரிய ஆறு அடங்காது என்பது தெரியாதா? வீட்டில் பக்கம் திருப்புகிற வேலை என் மகளுடையது. அதை இவளுக்குச் சொல்லிக்கொடுக்க எல்லோரும் மறந்துவிட்டோம்.

நான் மெதுவாகக் கையை நீட்டி, ஈ ஓட்டுகிற மாதிரி, பக்கத்தைத் திருப்பினேன். ஈரக் காற்றில் தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன போலிருக்கிறது, ஒரு கொத்தாகப் போய்விட்டது. திருப்பின பக்கத்தில் ஒரு யானை நின்றது. பேத்தி யானையைப் பார்த்துக்கொண்டே படகை ஓட்டினாள்.

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "அம்மூம்மே, இந்தப் பாடம் உங்களுக்கும் அறியுமோ?" என்றார், பாட்டிக்கும் தெரியுமா என்று.

"தெரியாம என்ன?" என்று, பேத்தி விட்ட இடத்திலிருந்து நான் பிடித்தேன். படகைக் கட்டி, கூலி வாங்கி, அவனை வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டுத்தான் நிறுத்தினேன். டீச்சர் பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

சிரித்து முடித்து, நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டார். "இது ஜெயிக்கிற பரீட்ச இல்ல அம்மூம்மே. மோளுக்கு எங்க தட்டுதுன்னு பாக்கத்தான் நான் வந்தேன். நீங்க அதை மூடி வெச்சா, இவ நல்லா வாசிக்கிறான்னு நான் எழுதணும். எழுதினா காகிதம் கிட்டாது. பத்தாம் கிளாஸ்ல இவ ஒத்தைக்கு உக்காந்து எழுதணும்."

 எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. துணி கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே கறை எங்கே என்றுதான். சிலர் வெட்கப்பட்டு உள்பக்கமாக மடித்துக் கொண்டுவருவார்கள். தெரியாமல் அதன்மேல் சூட்டுப் பெட்டியை வைத்துவிட்டால், அந்தக் கறை பிறகு ஜென்மத்துக்கும் போகாது. எத்தனை பேரை இதற்குத் திட்டியிருக்கிறேன். இப்போது நானே பேத்தியை மடித்துக் கொண்டுவந்து நிற்கிறேன்.

"சொல்லிருதேன் டீச்சரே" என்று ஆரம்பித்தேன். பஸ் போர்டை வாசிக்கமாட்டாள், கலரைப் பார்த்துத்தான் ஏறுவாள். ஒரு நாள் ஒரு கம்பெனி பஸ்ஸில் ஏறி இடக்கொச்சியில் இறால் உரிக்கிற பெண்களோடு போய் இறங்கிவிட்டாள். வகுப்பில் டீச்சர் சொல்லச் சொல்ல எழுத வேண்டிய நாளெல்லாம் வயிற்று வலி வரும்.

"ஆச்சி, மானத்த வாங்காத."

"வாய மூடுட்டி. டீச்சர் கேக்குறாங்கல்ல."

"அப்ப நானே சொல்லுதேன், நீ தப்பாச் சொல்லுத. அது வயித்து வலி இல்ல, தலவலி. வயித்து வலி பரீட்சைக்கு." டீச்சரிடம் திரும்பினாள். "வரிக்கு வரி கண்ணு வழுக்கிரும் டீச்சரே. பக்கத்துல இருக்கவ முடிச்சிருவா, நான் மொத வரில நிப்பேன். அதான் சும்மா உதட்ட மட்டும் ஆட்டுவேன்."

"எத்தன நாளா ஆட்டுத?" என்றேன்.

"ஒண்ணாங் கிளாஸ்லருந்து."

பிறகு டீச்சர் யாரும் பார்த்திராத ஒரு தாளை வைத்தார். "சாரமில்ல, மெல்ல வாயிச்சா மதி" என்றார். பரவாயில்லை, மெதுவாக வாசித்தால் போதும் என்று அர்த்தம். நாலைந்து வரிதான் இருந்தது. பேத்தி விரலை வைத்து, ஒரு எழுத்தைத் தள்ளி, அடுத்த எழுத்துக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி தள்ளினாள். மூக்கு நுனியில் வேர்வை. ஒரு சிரமமும் இல்லாமல் ஆற்றைத் தாண்டின பிள்ளை இங்கே முழங்கால் தண்ணீரில் நின்று தவித்தது. நான் வாயைத் திறந்தேன், டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை. அவள் கடைசி எழுத்து வரைக்கும் போனாள். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும்.

அடுத்ததாக டீச்சரே ஒரு ராஜா கதையைச் சொல்லிக் கேள்வி கேட்டார். ஒன்று விடாமல் பதில் சொன்னாள். பிறகு இவள் ஒரு கேள்வி கேட்டாள்: "அந்த ராஜாவுக்கு ஆறு பொண்டாட்டின்னா, அவங்களுக்கெல்லாம் யார் துணி வெளுத்தா?" டீச்சர் அதையும் எழுதிக்கொண்டார்.

புத்தி நன்றாக இருக்கிறது, காது அதைவிட நன்றாக இருக்கிறது, எழுத்தைப் பிடிக்கிற வழிதான் இவளுக்கு வேறு என்றார் டீச்சர். வீட்டில் தமிழ் பேசுவதால் வந்ததா என்று கேட்டேன். இல்லவே இல்லை, எவ்வளவு முடியுமோ அவ்வளவு பேசுங்கள் என்றார். எங்கள் வீட்டில் அதைச் சொல்லவே வேண்டியதில்லை. எனக்கும் இதே கோளாறு இருந்திருக்குமோ என்று கேட்டேன். "நீங்க ஸ்கூலுக்கே போகலையே அம்மூம்மே, எப்படிப் பாக்கறது?" என்றார். அதுவும் சரிதான். மிச்சம் இருந்த சுகியனையும் அவர் பையிலேயே வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலும் பார்த்தார்கள், காகிதம் கிடைத்தது. டீச்சர் வாரம்தோறும் வந்து பாடம் எடுத்தார். மணலில் எழுத வைப்பார், ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி அட்டையை வெட்டிக்கொடுப்பார். நாம் பேசினால் தானாக எழுதிக்கொள்கிற வசதி ஒன்றைப் பேத்தியின் போனில் காட்டிக்கொடுத்ததும் அவர்தான். இப்போது அதில் நானும் பேசுகிறேன், இதோ இதெல்லாம் அப்படி வந்ததுதான். பிறகு என் மகள் உட்கார்ந்து இதை ஒழுங்கு செய்கிறாள். "பாதிக்கு மேல நீ துணியத்தான் பேசிருக்க" என்கிறாள்.

ஒரு சிக்கல் வந்தது. பரீட்சையில் சொல்லச் சொல்ல இன்னொரு பிள்ளை எழுதுமே, அதற்கு நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். இவளுக்கு நிறுத்தத் தெரியாது. பழக வேண்டும், வீட்டில் யாராவது எழுதுகிற ஆளாக உட்காருங்கள் என்றார் டீச்சர். பகலில் வீட்டில் இருப்பது நான்தான். நானே உட்கார்ந்தேன். பென்சிலைப் பிடித்து, அவள் ஒரு வாக்கியம் சொன்னால் தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பாம்பு மாதிரி கோடு இழுப்பேன். கோடு முடிகிற வரைக்கும் அடுத்த வாக்கியம் பேசக்கூடாது.

"ஆச்சி, முடிஞ்சாச்சா?"

"பொறு. ஒன் வாக்கியம் நீளம்."

"என்ன எழுதிருக்க, வாசி பாப்போம்."

"நீ சொன்னதத்தான். நம்பிக்க இல்லன்னா நீயே வாசிச்சுக்கோ."

இரண்டு பேரும் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிப்போம். அப்படியே அவளுக்கு நிதானம் வந்துவிட்டது. துணி வாங்க வந்த ஒருவர், இந்த வயதில் ஆச்சி எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை.

பெரிய பரீட்சை அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். இவளுக்கு நேரம் கூட உண்டு என்பது தெரிந்தும் மனசு கேட்கவில்லை. கடைசியில் வந்தாள். அவளுக்காக எழுதின கீழ்வகுப்புப் பெண் கையை உதறிக்கொண்டு பின்னால் வந்தது.

"எழுதி எழுதி என் கை ஒடிஞ்சுபோச்சு" என்று என்னிடம் புகார் சொன்னது. "இந்த சேச்சிக்கு எவ்ளோ அறியும்."

அந்தப் பெண்ணின் விரல்களை நீவிவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக யாருக்கும் கை பிடித்துவிட்டதில்லை.

ரிசல்ட் வந்த அன்றைக்கு மகள் லீவு போட்டிருந்தாள். போனில் வரும் என்றார்கள். நான் ஒரு வேட்டியை விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேல்படிப்புக்குத் தகுதி உண்டு என்றால் அதை இங்கிலீஷில் போட்டிருக்குமாம். மகள் போனைப் பிடுங்கப் போனாள். பேத்தி மேஜைக்கு மறுபக்கம் ஓடினாள். "யாரும் சொல்லக்கூடாது. நான் வாசிப்பேன்" என்றாள்.

ஒரு எழுத்தைப் பிடித்தாள். அடுத்ததைப் பிடித்தாள். வழுக்கினாள், திரும்பி வந்தாள். என் மகள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் புகை வாசனை வந்தது. பெட்டி வேட்டியின் மேலேயே இருந்தது. எடுத்தால் பெட்டி மூடி சத்தம் போடும், பிள்ளை தடுமாறிப்போகும். நான் கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

அவள் முதல் வார்த்தையை முடித்து, இரண்டாவதைத் தாண்டி, மூன்றாவதற்குப் போய், நாலாவதையும் பிடித்து, கடைசியில் நாலையும் சேர்த்து, "எலிஜிபிள் ஃபார் ஹையர் ஸ்டடீஸ்" என்று ரேடியோக் குரலில் வாசித்தாள். அதற்குப் பிறகுதான் மூக்கை உறிஞ்சினாள். "ஆச்சி, வேட்டி."

"வேட்டி கெடக்கட்டும். இன்னொரு தடவ வாசி."

வேட்டிக்காரருக்குப் புது வேட்டி வாங்கிக் கொடுத்தோம், கூடவே ஒரு டப்பா சுகியனும். தீய்ந்த வேட்டியைக் கிழித்து மடித்து, பெட்டியின் சூட்டுப் பிடிக்குத் துணியாக வைத்திருக்கிறேன். பேத்தி பிளஸ் ஒன்னுக்குப் போகிறாள். தினமும் போகும்போது தெருமுனையில் நின்று, பஸ் போர்டை வாசித்து முடித்த பிறகுதான் ஏறுகிறாள். அதற்குள் சில பஸ் போய்விடும். எங்களுக்கு என்ன அவசரம்?